உதைபந்தாட்ட வீரரின் உடற்சுமை: அளவைகள் பற்றிய ஒரு திறனாய்வு

90 நிமிட நேரம் நடைபெறும் உதைபந்தாட்டத்திலே ஒரு வீரன் எவ்வளவு தூரம் ஓடுகின்றான், எத்துணை விரைவாக ஓடுகின்றான், அவ்வோட்டத்தால் அவனுடல் எத்துணைச் சுமையைத் தாங்குகின்றது என்னும் வினாக்கள் மேலைத்தேயங்களில் எழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. முதலிரு வினாக்களுக்கும் இன்று விடை கூறுதல் எளிது. வீரனின் முதுகிலே, தோள்களுக்கிடையில், கைக்கடக்கமான கருவியொன்றைக் கட்டிவிட்டால் அவன் சென்ற தூரத்தையும் வேகத்தையும் அது கணக்கிட்டுத் தந்துவிடும். மூன்றாவது வினா அத்தகையதன்று. ஆயினும் முதலிரண்டுக்கும் கிடைத்த விடைகளையே மூன்றாவதற்கும் விடையாகக் கொள்ளும் வழக்கம் பயிற்றுநரிடத்தும் செய்தித்தாள்களிடத்தும் பெருகியுள்ளது. அவ்வழக்கம் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. யார் ஆடுவது, யார் ஓய்வது, யார் கழகத்திலிருந்து நீக்கப்படுவது என்பனவெல்லாம் இவ்வெண்களைத் துணைக்கொண்டு தீர்மானிக்கப்படுகின்றமையின், இது வெறுங் கணக்காராய்ச்சி ஆகாது.

இவ்வளவைகளின் வரலாறு சுவை மிக்கது. இங்கிலாந்துத் தேசிய அணியின் பயிற்றுநராயிருந்த வால்ற்றர் விண்டர்பொற்றம் 1952 ஆம் ஆண்டிலே தந்த கணக்கின்படி ஒரு வீரன் ஓராட்டத்தில் ஓடும் தூரம் ஏறத்தாழ 3,400 மீற்றர். 1962 இல் அலன் வேட் என்பார் 1,600 மீற்றருக்கும் 5,500 மீற்றருக்கும் இடைப்பட்டதாக அதனைக் கூறினார். ஐந்தாண்டுகளின் பின், 1967 இல், செக்கோசிலோவாக்கியாவிலிருந்து வெளிவந்த ஆய்வு 11,500 மீற்றர் என்றது. பதினைந்தாண்டுக் காலத்துள் ஆடுகளம் நீளவுமில்லை; ஆட்டநேரம் கூடவுமில்லை. ஆட்டக்காரர் முன்னோரினும் மும்மடங்கு ஓடத் தொடங்கினர் என்று கொள்ளுதற்கும் ஆதாரமில்லை. அளக்கும் முறையே மாறிற்று. இவ்வேறுபாடு அக்காலத்தவரின் அறியாமையைக் காட்டுகின்றது என்று நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆனால், வெவ்வேறு கருவிகள் தந்த எண்களை ஒரே பொருளின் எண்களாக ஒப்பிடும் பிழை இன்றும் ஒழிந்தபாடில்லை என்பதை மேலே காணலாம்.

இதே காலத்திற் சாள்ஸ் றீப் என்னும் விமானப்படைக் கணக்கர் 1950 மார்ச்சு 18 ஆந் தேதி சுவிண்டன் நகரத்து ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் குறிப்பேட்டை எடுத்து ஆட்டத்தைக் குறியீடுகளாற் பதியத் தொடங்கினார். அவர் எண்ணியது பந்தின் பயணத்தையே. மனிதனின் பயணத்தை அன்று. ஆதலின் அவர் முயற்சி இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது.

உடலுழைப்பை அளந்தோருள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கவர் தோமஸ் றைலியும் வோன் தோமசும் ஆவர். இங்கிலாந்தின் முதற்பிரிவுக் கழகமொன்றின் வீரரை ஆராய்ந்து 1976 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளமாயிற்று. அவர்கள் கையாண்ட முறை எளியது. ஒவ்வொரு வீரனும் நடக்கும்போதும், மெல்ல ஓடும்போதும், விரைந்தோடும்போதும் எடுத்துவைக்கும் அடியின் நீளம் முன்னரே அளந்து வைக்கப்பட்டது. ஆட்டத்தின்போது பார்வையாளர் மேடையில் இருந்த ஒருவர் ஒரே வீரனைமட்டும் கண் வாங்காது நோக்கி, அவன் செய்வனவற்றை ஒலிப்பதிவு நாடாவிலே சொல்லிக்கொண்டு வந்தார். இம்முறையின் நம்பகம் படச்சுருளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. இவ்வாறு கண்ட சராசரித் தூரம் 8,680 மீற்றர். அதில் நூற்றுக்கு 37 வரை மெல்லோட்டம். 25 வரை நடை. 20 வரை விரைவோட்டம். 11 முழுவேக ஓட்டம். எஞ்சியது பின்னோக்கிய நகர்வு. வீரன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு சென்ற தூரமோ மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு.

இக்கடைசி எண்ணே அக்கட்டுரையின் பெரும்பேறு எனலாம். பார்வையாளர் கண் எப்பொழுதும் பந்தின் மேலேயே நிற்கும். பந்தில்லா வீரர் இருபதின்மர் என் செய்கின்றனர் என்பதைக் காண்பாரிலர். உழைப்பின் பெரும்பகுதி காண்பாரற்ற இடத்திலேயே நிகழ்கின்றது என்பதனை இவ்வாய்வு முதன்முறையாகத் தெளிவுபடுத்திற்று. ஏறத்தாழ ஐந்தாறு செக்கனுக்கு ஒருமுறை வீரனின் இயக்கம் மாறுகின்றது என்பதும், ஓராட்டத்துள் அவ்வாறான மாற்றங்கள் ஏறத்தாழ ஆயிரம் என்பதும் அவர்கள் கண்டவையே. பாராட்டத்தக்க பிறிதொன்றும் உண்டு. அவர்கள் தம் முறையை ஒளிவுமறைவின்றி எடுத்துக் கூறினர். ஆகவே அதன் குறை எங்கே இருக்கக்கூடும் என்பதைக் கற்றறிந்தார் எவரும் காணவியலும். பின்வந்த கருவிகள் பலவற்றுக்கு இப்பண்பு இல்லை. அவற்றுள் நிகழும் கணக்கீடு வணிக நிறுவனங்களின் இரகசியமாகவே இருந்துவருகின்றது.

தூரத்தை அளந்தோர் ஒருபுறமிருக்க, உடலின் உள்ளே நோக்கியோர் வடவைரோப்பிய நாட்டினர். சுவீடன் நாட்டுப் பெங்ற் சால்ற்றின் 1973 இல் வெளியிட்ட ஆய்வு பலவகையிலும் நினைவுகூரத்தக்கது. தசையினுள் எரிபொருளாகச் சேமித்து வைக்கப்படுவது கிளைக்கோசன் என்னும் மாப்பொருள். ஆட்டத்துக்கு முன்னாள் கடும்பயிற்சி செய்த வீரரின் தசையில் அது பாதியளவாகவே இருந்தது. போதிய கிளைக்கோசனோடு களமிறங்கியவர் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் ஓடினர். குறைவாகக் கொண்டிறங்கியவர் 9.7 கிலோமீற்றரே ஓடினர். அதிலும் பின்னவர் தாம் சென்ற தூரத்திற் பாதியை நடந்தே கழித்தனர். ஊக்கமின்மை என்றும் சோம்பல் என்றும் பயிற்றுநர் வைதவற்றுட் சில உண்மையில் முதல்நாட் பயிற்சியின் விளைவே என்பது இதனாற் புலனாயிற்று. வைதவரே அப்பயிற்சியை விதித்தவர் என்பதும் ஈண்டு கருதற்பாலது.

கோப்பன்ஹேகன் நகரத்து யென்ஸ் பங்ஸ்போவும் அவர்தம் மாணாக்கரும் இவ்வழியிலே மேலுஞ் சென்றனர். 2006 இற் பீற்றர் குருஸ்ட்றுப் முதலியோர் டென்மார்க்கின் நான்காம் பிரிவு வீரரை நட்பு ஆட்டங்களில் ஆடவிட்டு, ஆட்டத்தின் முன்னும் இடையும் பின்னும் அவர்தந் தொடைத் தசையினின்று ஊசியால் நுண்டுணுக்குகளை எடுத்துச் சோதித்தனர். ஆட்டமுடிவிலே தசைநார்களுள் ஏறத்தாழப் பாதி கிளைக்கோசன் முற்றுந் தீர்ந்தனவாகவோ தீரும் நிலையினவாகவோ காணப்பட்டன. தசை முழுவதையும் ஒருங்குசேர்த்து அளந்தாற் கிளைக்கோசன் இன்னும் எஞ்சியிருப்பதாகவே தோன்றும். ஒவ்வொரு நாராகப் பிரித்து நோக்கியபோதுதான் பாதி நார்கள் வெறுமையாய்க் கிடந்தமை தெரிந்தது. சராசரி என்பது உண்மையை எவ்வாறு மூடிவிடும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை.

இனி, தூரம் என்னும் அளவை எவ்விடங்களிற் பொய்க்கின்றது என்பதை நோக்கலாம். பந்தோடு ஓடுதல் பந்தின்றி ஓடுதலினும் கடினம் என்பது ஆடியவர் யாவர்க்கும் தெரியும். அதனை எண்ணால் நிறுவியோர் றைலியும் போல் என்பாரும் ஆவர் (1984). சுழலும் பட்டையின் மீது வீரரைப் பந்தோடும் பந்தின்றியும் ஒரே வேகத்தில் ஓடச்செய்து, மூச்சுக்காற்றினின்று சத்திச் செலவைக் கணித்தனர். வேகம் எதுவாயினும் பந்தோடு ஓடுகையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 கிலோயூல் மிகுதியாகச் செலவாயிற்று. பின்னோக்கியும் பக்கவாட்டாகவும் ஓடுதலும் அவ்வாறே மிகுசெலவுடையது. பின்வரிசை வீரன் எதிரியை விட்டுக் கண்ணெடாது பின்வாங்கும் பத்து மீற்றரும், நடுவரிசை வீரன் தன் இடம் நோக்கி மெல்ல ஓடும் பத்து மீற்றரும் தூரக்கணக்கிலே ஒன்றே. உடலுக்கு அவை ஒன்றல்ல. தலையால் அடிக்கத் துள்ளுதல், மோதல், விழுந்தெழுதல், தோளால் நெருக்குதல் என்பனவோ தூரக்கணக்கிற் சுழியமாகவே நிற்கும்.

1990 களின் பிற்கூறில் இத்துறையிற் பெருமாற்றம் நிகழ்ந்தது. பிரான்சிலே 1996 அளவில் அமிஸ்கோ என்னும் முறையும், சிறிது காலத்தில் இங்கிலாந்திலே புறோசோன் என்னும் முறையும் தோன்றின. அரங்கைச் சுற்றிப் பொருத்திய படப்பிடிப்புக் கருவிகள் வீரர் அனைவரையும் ஒருங்கே பின்தொடர்ந்தன. ஒருவர் ஒருவனையே பார்த்த நிலை மாறிற்று. 2015 இல் ஆட்டவிதிகளை வகுக்குஞ் சர்வதேச மன்றம், செய்மதி வழி இடமறியும் கருவிகளை வீரர் போட்டியின்போதே அணிந்துகொள்ள இசைவளித்தது. எண்கள் வெள்ளமெனப் பெருகின. 2007 இற் டி சால்வோ முதலியோர் ஸ்பானிய முதற்பிரிவினும் ஐரோப்பியச் சாம்பியர் போட்டியினும் ஆடிய 300 வீரரைக் கொண்டு செய்த ஆய்வில் நடுக்கள வீரர் 12,027 மீற்றரும், நடுப் பின்காவலர் 10,627 மீற்றரும் ஓடியதாகக் கூறப்பட்டது. ஒரு மீற்றர் துல்லியமாக எழுதப்படும் இவ்வெண்களைக் காண்போர்க்கு மதிப்பு உண்டாதல் இயல்பு. றைலியின் 8,680 இற்கும் இதற்குமுள்ள இடைவெளியில் எவ்வளவு ஆட்டத்தின் வளர்ச்சி, எவ்வளவு கருவியின் மாற்றம் என்பதைப் பிரித்தறிய வழியில்லை. ஆயினும் இவற்றை அடுத்தடுத்து எழுதி ஆட்டம் கடினமாகிவிட்டது என்று முடிவு கூறுவோர் பலர். ஒரே கருவிமுறையாற் பல ஆண்டுகள் அளந்த ஆய்வே இதற்குச் சான்றாகும். இங்கிலாந்துத் தலைமைப் பிரிவைப் பற்றி 2014 இல் வெளிவந்த அத்தகைய ஆய்வொன்றின்படி 2006-07 முதல் 2012-13 வரை மொத்தத் தூரம் நூற்றுக்கு இரண்டளவே கூடிற்று. உயர்வேக ஓட்டமோ 890 மீற்றரிலிருந்து 1,151 மீற்றராகப் பெருகிற்று. ஆட்டம் கடினமாயிற்று என்பது மெய்யே. ஆயின் அது தூரத்தில் அன்று, விரைவிலேயே வெளிப்பட்டது.

உயர்வேகம் என்பது யாது என்னும் வினா இங்கே எழுகின்றது. மணிக்கு 19.8 கிலோமீற்றருக்கு மேற்பட்டதை உயர்வேகம் எனவும், 25.2 இற்கு மேற்பட்டதை முழுவேகம் எனவும் கொள்வது பலரது வழக்கு. 15 என்றும் 18 என்றும் வேறு எல்லை வகுத்தாரும் உளர். இவ்வெல்லைகள் இயற்கை வகுத்தனவல்ல. மனிதர் வசதிக்காக இட்ட கோடுகள். நடுப் பின்காவலர் ஒருவரின் உச்சவேகம் மணிக்கு 28 கிலோமீற்றர் எனவும், ஓர வீரர் ஒருவரின் உச்சவேகம் 34 எனவும் கொள்வோம். 25.2 என்னும் வேகம் முன்னவர்க்கு அவர்தம் முழுவலிவில் நூற்றுக்கு 90; பின்னவர்க்கு 74. ஒருவர்க்கு உயிரைக் கொடுத்து ஓடும் ஓட்டம் மற்றவர்க்கு ஓரளவு விரைந்த ஓட்டமே. கருவியோ இருவர்க்கும் ஒரே கோட்டை இட்டு எண்ணுகின்றது. ஆடவர்க்கென இட்ட கோட்டையே மகளிர் ஆட்டத்துக்கும் பொருத்தியபோது அவர்தம் உழைப்பு குறைத்து மதிப்பிடப்பட்டமையும் இக்காரணம் பற்றியே.

இக்கோட்டினால் விளையும் குறை மேலும் ஆழமானது. நின்ற நிலையினின்று திடீரெனப் பாய்ந்து ஏழெட்டு மீற்றரில் எதிரியை மறிக்கும் வீரன் தன் தசையின் முழுவலிவையும் செலவிடுகின்றான். ஆனால் அச்சிறு தூரத்துள் அவன் வேகம் 19.8 ஐ எட்டுவதில்லை. வார்லி, ஓகி என்னும் இருவர் ஆஸ்திரேலிய வீரரை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்ட கட்டுரையில், உச்சநிலை வேகவளர்ச்சிகளுள் நூற்றுக்கு 85 உயர்வேக எல்லையைக் கடக்கவேயில்லை என்று கண்டனர். எனவே ஆட்டத்தின் மிகக் கடிய முயற்சிகளுட் பெரும்பாலானவை வேகக் கணக்கில் மெல்லோட்டம் என்னும் பத்தியிலே பதிவாகின்றன. திடீரென நிற்றலும் அவ்வாறே. முழுவேகத்தில் வந்தவன் இரண்டடியில் நிற்கும்போது தொடைத்தசையும் முழங்காலும் தாங்கும் விசை பெரிது. வேகமோ அக்கணத்திற் குறைந்துகொண்டே செல்கின்றது.

இக்குறையை நீக்க முயன்றோர் இத்தாலியர். சமதரையில் வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஓடுதல், மாறா வேகத்தோடு ஏற்றத்தில் ஓடுதலுக்கு ஒப்பாகும் என்னும் அழகிய கருத்தை உடினே நகரத்துப் பியெத்ரோ டி பிராம்பெரோவும் அவர்தம் குழுவினரும் எடுத்துரைத்தனர். மலையேற்றத்தின் சத்திச்செலவு முன்னரே அளக்கப்பட்டதாகலின், அதனைக்கொண்டு சமதரை வேகவளர்ச்சியின் செலவைக் கணித்தல் இயலும். இம்முறையை 2010 இல் இத்தாலிய முதற்பிரிவு வீரர் 399 பேர்க்குப் பொருத்திக் காட்டினர். வேகக்கோடு காணாத உழைப்பை இது கண்டது. அவ்வளவில் இது பெருமுன்னேற்றமே. எனினும் 2015 இல் மார்ட்டின் புக்கைட் முதலியோர் பந்தோடு கூடிய பயிற்சியின்போது வீரரின் மூச்சுக்காற்றை நேரே அளந்து ஒப்பிட்டபோது, இக்கணிப்பு உண்மைச் செலவினும் வெகுவாகக் குறைந்தே நின்றது. ஓட்டத்திடையே நிற்கும் நேரங்களில் இவ்வேறுபாடு பெரிது. காரணம் வெளிப்படை. கால் நின்றுவிட்டாற் கருவிக்கு உழைப்பும் நின்றுவிடுகின்றது. உடலோ முன்னைய ஓட்டத்தின் கடனைத் தீர்க்க மூச்சு வாங்கிக்கொண்டே நிற்கின்றது.

இத்தகைய ஆய்வுகளின் பயனாகவே புறச்சுமை, அகச்சுமை என்னும் பாகுபாடு தோன்றிற்று. வீரன் செய்த வேலை புறச்சுமை. அவ்வேலைக்கு அவன் உடலும் உள்ளமும் கொடுத்த விலை அகச்சுமை. இத்தாலியராகிய பிராங்கோ இம்பெலிசேரி இப்பாகுபாட்டைத் திறம்பட விளக்கியவருள் ஒருவர். (அகம், புறம் என்னுஞ் சொற்கள் தமிழ் கற்றார்க்குப் புதியனவல்ல. ஆயின் பொருளிலக்கணத்து அகமும் புறமும் வாழ்க்கையின் இரு கூறுகள். ஈண்டு அவை ஒரே செயலின் இரு முகங்கள்.) ஒரே புறச்சுமை இருவர்மீது இரு வேறு அகச்சுமையாக இறங்கும், ஒருவன் மீதே இருநாள்களில் இருவேறாக இறங்கும்.

இதனை விளக்குதற்கு மக்னி மோர் முதலியோர் 2012 இல் வெளியிட்ட வெப்ப ஆய்வே மிகப் பொருத்தமானது. வெப்பநாட்டினர் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதே வீரர் 21 பாகை வெப்பநிலையில் ஓராட்டமும் 43 பாகையில் ஓராட்டமும் ஆடினர். கடும் வெப்பத்தில் மொத்தத் தூரம் நூற்றுக்கு 7 உம் உயர்வேக ஓட்டம் நூற்றுக்கு 26 உம் குறைந்தன. சராசரி இதயத் துடிப்போ இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. தூரத்தை மட்டும் நோக்கும் பயிற்றுநர் வெப்பநாளில் தம் வீரர் ஒதுங்கி ஆடினர் என்று முடிவு செய்வார். இதயத்தை நோக்குபவர் சுமை மாறவில்லை என்பார். உடலின் உள்வெப்பத்தை அளந்தவர்க்குச் சுமை கூடிற்று என்றே தோன்றும். மூவரும் மெய்யான எண்களையே கையில் வைத்திருக்கின்றனர். அன்றியும், வெப்பத்திலே அவ்வீரர் கொடுத்த பந்துகள் குறிதவறாது சென்றமை மிகுதியாயிற்று; உச்சவேகமும் சிறிது கூடிற்று. ஓட்டத்தை அவர்கள் இழந்தனர் என்பதினும் அதனைச் சிக்கனமாகச் செலவிட்டனர் என்பதே பொருந்தும். இவ்வறிவு எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை.

மிகுதியாக ஓடுபவனே சிறந்த வீரன் என்னும் எண்ணம் எவ்வளவு உறுதியானது? 2003 இல் மோர், குருஸ்ட்றுப், பங்ஸ்போ ஆகியோர் இத்தாலியப் பெருங்கழகத்து வீரரை டென்மார்க் வீரரோடு ஒப்பிட்டு, முன்னவர் உயர்வேகத்தில் நூற்றுக்கு 28 மிகுதியாக ஓடினர் என்று கண்டனர். இவ்வெண் உலகெங்கும் பரவிற்று. பத்தாண்டுகளின் பின், 2013 இல், போல் பிராட்லி முதலியோர் இங்கிலாந்தின் மூன்று பிரிவுகளை ஒப்பிட்டனர். உயர்வேக ஓட்டம் தலைமைப் பிரிவில் 681 மீற்றர். இரண்டாம் பிரிவில் 803. மூன்றாம் பிரிவில் 881. கீழே செல்லச் செல்ல ஓட்டம் கூடிற்று! இரண்டையும் உடன்வைத்து நோக்குவார் ஒன்றைப் பொய்யென்று தள்ளவேண்டுவதில்லை. பிராட்லி குழுவினர் வீரரின் ஓடுந்திறனையும் தனியே சோதித்தனர். அத்திறனில் மூன்று பிரிவினரும் வேறுபடவில்லை. பந்தைப் பெறுதலிலும் கொடுத்தலிலுமே தலைமைப் பிரிவினர் மேம்பட்டிருந்தனர். எனவே ஆட்டத்தில் ஓடிய தூரம் வீரனின் வலிமையை அளப்பதன்று. அன்றைய ஆட்டம் அவனிடம் கேட்டதை அளப்பது. பந்தைப் பறிகொடுத்த அணி அதனைத் துரத்தியே ஆகவேண்டும். துரத்தியவன் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடினான் என்று மறுநாட் செய்தித்தாள் புகழும்.

இவ்வளவும் கருத்துப்பிழையளவில் நின்றிருந்தாற் கேடில்லை. எண்கள் கட்டளையாக மாறியபோதே இடர் தோன்றிற்று. இற்றைக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர்ப் பெருவழக்காய் எழுந்தது ஒரு விகிதம். ஒரு வாரச் சுமையை நான்கு வாரச் சராசரிச் சுமையால் வகுத்தால் வருவது அது. அவ்விகிதம் 0.8 இற்கும் 1.3 இற்கும் இடையே நிற்பின் வீரனுக்கு ஊறு நேர்தல் குறைவு என்றும், 1.5 ஐக் கடப்பின் இடர் பெரிது என்றும் ஆஸ்திரேலியராகிய ரிம் கபெற் 2016 இல் எழுதினார். சுமையைத் திடீரெனக் கூட்டலாகாது என்னும் அதன் உட்கருத்து எவர்க்கும் உடன்பாடே. அது பழைய பயிற்றுநர் பலர் அனுபவத்தால் அறிந்திருந்ததும் ஆகும். அக்கருத்துக்கு எண்ணெல்லை வகுத்தமையே வினாவுக்குரியது. அவ்வெல்லைக்கு ஆதாரமான தரவுகளுட் பெரும்பகுதி றக்பி ஆட்டக்காரரிடமிருந்தும் கிரிக்கெற் வேகப் பந்துவீச்சாளரிடமிருந்தும் திரட்டப்பட்டது. எனினும் உதைபந்தாட்டக் கழகங்கள் அதனைத் தயக்கமின்றி ஏற்றன.

கணக்கின் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. மூன்று வாரம் 1,000 அலகு வீதமும் நான்காம் வாரம் 1,800 அலகும் சுமை ஏற்றப்பட்டதாகக் கொள்க. நான்கு வாரச் சராசரி 1,200, விகிதம் 1.5. ஆனால் வகுக்கப்படும் 1,800 வகுக்கும் எண்ணுள்ளும் புகுந்திருக்கின்றது. முந்திய மூன்று வாரங்களை மட்டும் கொண்டு வகுப்பின் விகிதம் 1.8 ஆகும். முதலில் கூறிய முறையில், மூன்று வாரம் படுத்திருந்தவன் நான்காம் வாரம் மலையையே சுமந்தாலும் விகிதம் 4 ஐக் கடவாது. மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். இதனைச் சுட்டிக் காட்டியோர் 2017 முதலே இருந்தனர். 2021 இல் இம்பெலிசேரி முதலியோர் இன்னும் ஒருபடி சென்று, நான்கு வாரச் சராசரிக்குப் பதிலாகப் பொருளற்ற தற்செயல் எண்களை இட்டு வகுத்துப் பார்த்தனர். அப்போதும் ஊறுகளோடு அதேயளவு தொடர்பு காணப்பட்டது. வகுக்கும் எண் எதுவாயினும் விடை ஒன்றேயாயின், அவ்வகுத்தல் எதற்கு? இக்கண்டனத்துக்கு நேரிய மறுமொழி இதுவரை வந்ததாகத் தெரியவில்லை. இதற்கிடையில் இவ்விகிதத்தைக் காட்டி எத்தனை இளைஞர் களத்தினின்று நிறுத்தப்பட்டனர், எத்தனை பேர் ஆடத் தகுந்தவரென்று நொந்த காலோடு இறக்கப்பட்டனர் என்பதற்குக் கணக்கு வைத்தவர் எவருமிலர்.

கருவிகளை விலக்குக என்பது இதனாற் பெறப்படவில்லை. காயமுற்று மீண்டவன் முழுவேகத்தை மறுபடி எட்டினானா என்பதை அறியச் செய்மதிக் கருவியினுஞ் சிறந்தது வேறில்லை. மோரும் குழுவினரும் ஆட்டத்தின் மிகக் கடிய ஐந்து நிமிடத்தை அடுத்த ஐந்து நிமிடத்தில் உயர்வேக ஓட்டம் சராசரியினுங் குறைகின்றது என்று காட்டியமை, களைப்பு ஆட்ட இறுதியில் மட்டும் வருவதன்று, இடையிடையே வந்து போவது என்னும் புதிய அறிவைத் தந்தது. அதுவும் அளவையாற் பெற்ற அறிவே. ஒரே வீரனை ஒரே கருவியால் நெடுங்காலம் அளந்து அவனை அவனோடே ஒப்பிடுவார் பயன்பெறுவர். வெவ்வேறு வீரரை ஒரு கோட்டில் நிறுத்தி வரிசைப்படுத்துவாரே வழுவுகின்றனர்.

விலையுயர்ந்த கருவிகளைப் பெறவியலாக் கல்லூரிகளுக்கு ஒரு முறை உண்டு. அது அகச்சுமையையே நேரே தொடுவது. சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் போர்க் வகுத்த உணர்வளவையை அடியாகக் கொண்டு, அமெரிக்கராகிய கார்ல் பொஸ்டர் இதனை அமைத்தார். பயிற்சி முடிந்து ஏறத்தாழ 30 நிமிடத்தின் பின், "இன்றைய பயிற்சி எவ்வளவு கடினமாயிருந்தது?" என்று வீரனை வினவ, அவன் 0 முதல் 10 வரையுள்ள எண்களுள் ஒன்றைக் கூறுவான். அதனைப் பயிற்சி நிமிடங்களாற் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். 70 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றவனின் சுமை 420 அலகு. 2004 இல் இம்பெலிசேரி முதலியோர் இளம் உதைபந்தாட்ட வீரர் 19 பேரை ஏழு வாரம் இவ்வாறு வினவி, இதயத்துடிப்பு முறைகளோடு ஒப்பிட்டனர். விடைகள் பெரிதும் ஒத்துச் சென்றன. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும் என்பது இதன் சிறப்பு. வெப்பம், பசி, உறக்கமின்மை, சோதனைக்காலக் கவலை ஆகிய யாவும் அவ்வோரெண்ணுள் அடங்கிவிடுகின்றன என்பது அதனினுஞ் சிறப்பு.

இதற்கும் குறையுண்டு. அணியைத் தெரிவுசெய்யும் பயிற்றுநரே எதிரில் நின்று வினவினால், இடம் போய்விடுமென அஞ்சும் மாணவன் 8 என்பதற்குப் பதிலாக 5 என்று கூறுவான். அணித்தலைவன் 4 என்று உரக்கச் சொல்லக் கேட்ட இளையோர் 7 என்று சொல்ல நாணுவர். ஆதலின் ஒவ்வொருவரையும் தனித்தனியே, பிறர் செவிப்படாமல் வினவுதல் வேண்டும். எண்களுக்கு எதிரே அவை குறிக்குஞ் சொற்களும் எழுதிய அட்டையைக் காட்டி வினவுதல் நன்று. வினவுபவர் அணித் தெரிவிற் பங்கில்லாத ஆசிரியர் ஒருவராயிருப்பின் இன்னும் நன்று.